இலவசம், வரி, கடன், உருக்காலை: ஜெராக்ஸ் கடையில் அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

சேலம் அம்மாப்பேட்டையில் ஜெராக்ஸ் கடை வைத்திருக்கிறேன். ஜெராக்ஸ் என்பது பேருக்குத்தான். பாதி நாள் விண்ணப்பம் நிரப்பிக் கொடுப்பதிலும், ஆதாரில் இருக்கிற பெயர் ரேஷன் கார்டில் ஏன் வேறு மாதிரி இருக்கிறது என்று தேடுவதிலும் போய்விடும். வரிசையில் நிற்கிறவர்கள் சும்மா நிற்க மாட்டார்கள். அரசியல் பேசுவார்கள், சண்டை முற்றும்போது என் பக்கம் திரும்பி "நீங்க என்ன சொல்றீங்க?" என்பார்கள். ஒரே பதிலை நூறு தடவை சொல்லியாகிவிட்டது, அதனால் எழுதிவைத்துவிட்டேன். கேள்விகள் கேட்டவர்களின் வாய்மொழியிலேயே இருக்கின்றன. நான் எந்தக் கட்சியிலும் இல்லை, ஆனால் நடுநிலை என்றும் சொல்லிக்கொள்ள மாட்டேன். என் சாய்வு மைய இடது. அதை மனதில் வைத்தே படியுங்கள்.

"இடதுசாரி, வலதுசாரின்னு டிவில சொல்றாங்களே, அதுல என்ன இடது, என்ன வலது?"

உட்கார்ந்த இடம்தான். 1789-ல் பிரெஞ்சுப் புரட்சி நேரத்தில் கூடிய மன்றத்தில், மன்னருக்கு அதிகாரம் இருக்கட்டும் என்றவர்கள் தலைவரின் வலப்பக்கமும், குறைக்க வேண்டும் என்றவர்கள் இடப்பக்கமும் உட்கார்ந்தார்கள். பெயர் ஒட்டிக்கொண்டது. இன்றைக்குப் பணம், தொழில், வரி என்று வந்தால், சந்தை பார்த்துக்கொள்ளும், அரசு ஒதுங்கியிருக்கட்டும் என்கிறவர் வலது. சந்தையில் தோற்றுப் போனவரையும் அரசு கைவிடக் கூடாது என்கிறவர் இடது. மதம், சாதி, பண்பாட்டு விஷயத்தில் வேறொரு இடது வலது உண்டு. ஒருவரே ஒன்றில் இடதாகவும் மற்றதில் வலதாகவும் இருக்கலாம். எங்கள் தெருவில் நிறையப் பேர் அப்படித்தான்.

"மைய இடதுன்னா கம்யூனிஸ்ட்தானே? நேரா சொல்ல வேண்டியதுதானே?"

இல்லை. ஆலையும் நிலமும் தனியார் கையிலேயே இருக்கக் கூடாது என்பது கம்யூனிஸ்டுகளின் அடிப்படை. மைய இடது அவ்வளவு தூரம் போகாது. செவ்வாய்ப்பேட்டைக் கொலுசுப் பட்டறை அதன் முதலாளியிடமே இருக்கட்டும், லாபமும் பார்க்கட்டும். ஆனால் அங்கே பற்றவைக்கிறவரின் கூலி ஒரு அளவுக்குக் கீழே இறங்கக் கூடாது, அவர் பிள்ளை படிக்கிற பள்ளிக்கூடம் உருப்படியாக இருக்க வேண்டும், அவருக்கு நெஞ்சுவலி வந்தால் வீட்டுப் பத்திரத்தை அடகு வைக்காமல் வைத்தியம் நடக்க வேண்டும். அதற்கான பணத்தை அதிகம் சம்பாதிக்கிறவர்களிடம் அதிகமாக வாங்க வேண்டும். தேர்தலில் தோற்றால் பேசாமல் இறங்கிப் போக வேண்டும். பிரிட்டனில் 1948-ல் தேசிய சுகாதாரச் சேவையைத் தொடங்கிய தொழிற்கட்சி இந்த வகை. 1955-ல் ஆவடி காங்கிரஸ் மாநாட்டில் 'சோஷலிச பாணி சமுதாயம்' என்று தீர்மானம் போட்டதும் இந்த வகைதான்.

இரண்டையும் ஒன்றாக்கிப் பேசுவது கம்யூனிஸ்டுகளுக்கும் மரியாதை இல்லை. 1950 பிப்ரவரி 11 அன்று சேலம் சிறையில் 22 கம்யூனிஸ்ட் கைதிகள் சுட்டுக் கொல்லப்பட்டார்கள். அப்போது ஆட்சியில் இருந்ததும் காங்கிரஸ்தான். அதே சமயம், இரண்டு பக்கத்துக்கும் போய்வந்தவர்களும் உண்டு. நம் அரசு மருத்துவக் கல்லூரிக்கு யார் பெயரோ அந்த மோகன் குமாரமங்கலம், கம்யூனிஸ்ட் கட்சியில் இருந்துவிட்டு, பிறகு இந்திரா காந்தி அமைச்சரவையில் எஃகு, சுரங்கத் துறையைப் பார்த்தவர்.

"அப்போ இங்க எந்தக் கட்சி மைய இடது? பேரைச் சொல்லுங்க அக்கா."

மாட்டிவிடப் பார்க்கிறீர்கள். பொருளாதாரத்தில் மட்டும் பார்த்தால் தமிழ்நாட்டை ஆண்ட கட்சிகள் எல்லாமே ஏறத்தாழ அந்தப் பக்கம்தான். பள்ளிச் சாப்பாட்டையே எடுத்துக்கொள்ளுங்கள். 1920-ல் சென்னை மாநகராட்சிப் பள்ளியில் தொடங்கியது நீதிக்கட்சி. 1956-ல் மாநிலத்துக்குப் பரப்பியவர் காமராஜர். 1982-ல் சத்துணவாக்கியவர் எம்.ஜி.ஆர். 2022-ல் காலை உணவைச் சேர்த்தவர் ஸ்டாலின். மருத்துவப் படிப்பில் அரசுப் பள்ளிப் பிள்ளைகளுக்கு 7.5 சதவீதம் ஒதுக்கியது 2020-ல், நம் மாவட்டத்து எடப்பாடி பழனிசாமி முதல்வராக இருந்தபோது. நூறு வருஷமாக ஒரே பாத்திரத்தில் ஆளாளுக்கு அரிசி போட்டு வந்திருக்கிறார்கள்.

நீதிக்கட்சி திராவிடர் கழகமாகப் பெயர் மாறியது 1944 ஆகஸ்டில் இதே சேலத்தில் நடந்த மாநாட்டில். அதற்கு நேர் எதிர் பாதைக்காரரும் நம் ஊர் ஆள்தான். 1917-ல் சேலம் நகராட்சித் தலைவராக இருந்த ராஜாஜி, 1959-ல் சுதந்திராக் கட்சி தொடங்கி, எதற்கெடுத்தாலும் லைசென்ஸ், பெர்மிட் என்று அரசு தொழிலை நெரிக்கிறது என்றார். அவர் கொள்கை எனக்கு ஆகாது. ஆனால் அந்தக் குற்றச்சாட்டில் விஷயம் இருந்தது, கீழே வருகிறேன்.

"எல்லாத்தையும் இலவசமா கொடுத்தா ஜனங்க சோம்பேறி ஆயிட மாட்டாங்களா?"

கடையில் முதலிடம் பிடிக்கும் கேள்வி இதுதான். கேட்கிறவர்கள் பெரும்பாலும் ஆண்கள், கேட்கிற நேரம் பெரும்பாலும் காலை பதினொரு மணி.

தார் சுற்றுகிற, அதாவது தறிக்கு நூலைச் சின்னக் குழலில் சுற்றிக் கொடுக்கிற ஒரு அக்கா என் கடைக்கு வருவார், பச்சப்பட்டிக்காரர். முன்பு தெருவுக்குள்ளேயே ஒரு வீட்டில் சுற்றிக்கொண்டிருந்தார், கொடுத்த கூலியை வாங்கிக்கொண்டு. கொண்டலாம்பட்டியில் கூடுதலாகக் கொடுப்பார்கள் என்று தெரியும், ஆனால் போக ஒரு பஸ், வர ஒரு பஸ், கூடுதல் கூலி டிக்கெட்டுக்கே சரியாகிவிடும். 2021 மே மாதம் சாதாரணக் கட்டண நகரப் பேருந்துகளில் பெண்களுக்குக் கட்டணம் இல்லை என்று ஆனதும் அவர் கொண்டலாம்பட்டிக்குப் போக ஆரம்பித்தார். மூன்று மாதம் கழித்து, தெருவில் இருந்த பழைய முதலாளி கூலியை ஏற்றித் தருகிறேன் வா என்று கூப்பிட்டாராம். அந்தக் கதையைச் சொல்லும்போது அந்த அக்கா முகத்தைப் பார்க்க வேண்டும். இலவசப் பயணம் அவரை வேலையை விட்டு நிறுத்தவில்லை, வேலையைத் தேடிப் போக வைத்தது. பேரம் பேச ஒரு வழி கிடைத்தது. மாநிலத் திட்டக்குழு செய்த ஆய்வில், இப்படிப் பயணம் செய்கிற பெண்ணுக்கு மாதம் சராசரியாக 888 ரூபாய் மிச்சமாகிறது என்று வந்தது.

கையில் அரிசி இருப்பவர் சோம்பேறி ஆவதில்லை, மலிவான கூலிக்கு வர மறுக்கிறார். ஆள் தேடுகிறவருக்கு இரண்டும் ஒரே மாதிரி தெரியும், அவ்வளவுதான். எல்லா இலவசமும் இப்படி என்று சொல்ல மாட்டேன். 2006-ல் கொடுத்த கலர் டிவிக்கு இந்த வாதம் பொருந்தாது. அந்தக் காசில் எத்தனை பள்ளிக்கூடக் கழிப்பறை கட்டியிருக்கலாம் என்று நானும் கேட்டிருக்கிறேன். டிவி விவகாரம் உச்ச நீதிமன்றம் வரை போனது. தேர்தல் அறிக்கையில் வாக்குறுதி கொடுப்பது சட்டப்படி ஊழல் நடவடிக்கை ஆகாது என்று 2013-ல் தீர்ப்பு வந்தது. சட்டத்தில் சரி என்பதால் செலவும் சரி என்று ஆகிவிடாது.

"வரி கட்டுறவன் ஒருத்தன், அனுபவிக்கிறவன் ஒருத்தன். இது நியாயமா?"

வரி என்றதும் வருமான வரி மட்டும் நினைவுக்கு வருவதால் வரும் குழப்பம். சோப்பு, பற்பசை, தலைக்கு வைக்கிற எண்ணெய், இவற்றுக்கெல்லாம் 2025 செப்டம்பர் 22 வரை 18 சதவீதம் ஜி.எஸ்.டி. அதற்குப் பிறகுதான் 5 சதவீதம். மேலே சொன்ன தார் சுற்றுகிற அக்கா எத்தனை வருஷம் 18 சதவீதம் கட்டியிருக்கிறார்! பெட்ரோலுக்கு ஜி.எஸ்.டி. இல்லை, அதைவிட அதிகமான வேறு வரி. ஷேர் ஆட்டோ கட்டணத்தில் அதுவும் இருக்கிறது. ரசீது கிடைக்காததால் கட்டவில்லை என்று ஆகாது. 100 ரூபாயில் 90-ஐச் செலவு செய்கிற வீட்டுக்கும், 30-ஐச் செலவு செய்துவிட்டு மீதியை நிலமாக்குகிற வீட்டுக்கும் சோப்பில் ஒரே வரிதான். வருமானத்தோடு ஒப்பிட்டால் முதல் வீட்டுக்குத்தான் பாரம் அதிகம்.

இந்த ஊருக்கு இந்த விஷயத்தில் ஒரு பழைய கதை உண்டு. 1937 அக்டோபர் 1 அன்று ராஜாஜி அரசு மதுவிலக்கை முதன்முதலில் கொண்டுவந்தது சேலம் மாவட்டத்தில்தான். கள், சாராயத்தில் வந்துகொண்டிருந்த வருமானம் நின்றது. அந்த ஓட்டையை அடைக்க 1939-ல் வந்ததுதான் பொது விற்பனை வரி. பிறகு அது வாட் ஆகி, 2017 ஜூலையில் ஜி.எஸ்.டி. ஆகியது. குடிக்கிறவர் கொடுத்துக்கொண்டிருந்த வரியை, குடிக்காதவரும் மளிகைக் கடையில் கொடுக்க ஆரம்பித்த கதை என்று எங்கள் தாத்தா சொல்வார்.

"சாராயம் வித்த காசுலதானே இதெல்லாம் நடக்குது?"

ஒரு பங்கு, ஆமாம். மதுவிலக்கு எப்போதோ போய், 2003 முதல் சில்லறை விற்பனையையும் டாஸ்மாக்கே செய்கிறது. 2023-24-ல் அதனால் அரசுக்கு வந்த வருவாய் 45,000 கோடி ரூபாய்க்கு மேல். என்னைப் போன்றவர்கள் வாய் அடைத்துப்போகிற இடம் இது. மனைவி கையில் 1,000 ரூபாய் கொடுத்து, கணவன் பையில் அதைவிட அதிகமாக எடுப்பது சமூக நலம் என்று சொல்ல எனக்கு நா வராது.

அதற்காக நாளைக்கே எல்லாக் கடையையும் மூடு என்றும் சொல்ல மாட்டேன். 45,000 கோடியை வேறு எங்கே எடுப்பது என்று சொல்லாமல் மதுவிலக்கு பேசுகிறவரிடம் 1939 கதையைச் சொல்வேன்.

"9 லட்சம் கோடி கடனாமே. என் தலை மேல எவ்வளவு கண்ணு?"

2025-26 பட்ஜெட் கணக்கில் சுமார் 9.3 லட்சம் கோடி. தலைக்குப் பிரித்தால் 1,20,000 ரூபாய் அளவில் வரும். கேட்டதும் தலை சுற்றும். ஆனால் தறிக்காரருக்கு இதைப் புரியவைப்பது எளிது. கடன் எவ்வளவு என்று மட்டும் கேட்டு யாரும் பெண் கொடுக்க மறுப்பதில்லை. தறி எத்தனை ஓடுகிறது என்றும் கேட்பார்கள். மாநிலத்தில் ஒரு வருஷம் உற்பத்தியாகிற மொத்த மதிப்பில் இந்தக் கடன் 26 சதவீதம். அந்த அளவில் பார்த்தால் மூழ்கிற கடன் இல்லை.

கவலைப்பட வேண்டியது வேறு கணக்கு. தறி வாங்கக் கடன் வாங்கலாம், தினப்படி அரிசிக்குக் கடன் வாங்கக் கூடாது. இரண்டாவது வகைக்கு வருவாய்ப் பற்றாக்குறை என்று பெயர், அதே பட்ஜெட்டில் அது 41,000 கோடிக்கு மேல். மைய இடது என்று சொல்லிக்கொண்டு இதைக் கண்டுகொள்ளாமல் விடுகிறவர்கள் நாளைக்கு அதே திட்டங்களை வெட்டப்போகிறவருக்குக் கத்தி தீட்டிக் கொடுக்கிறார்கள்.

"மாசம் ஆயிரம் கொடுக்குறதுக்கு ஒரு வேலை கொடுக்கலாமே?"

கொடுக்கலாம், இரண்டும் வேண்டும். ஆயிரம் ரூபாய் வாங்குகிறவரில் எழுபது வயதுப் பாட்டியும் உண்டு, படுத்த படுக்கையாகக் கிடக்கும் மாமியாரைப் பார்த்துக்கொள்கிற மருமகளும் உண்டு. அவர்கள் ஏற்கெனவே வேலை பார்க்கிறார்கள், சம்பளம்தான் இல்லை. அதனால்தான் 'உரிமைத் தொகை' என்று பெயர் வைத்தார்கள்.

"கார் வெச்சிருக்கவனுக்கும் எதுக்கு ரேஷன் அரிசி? ஏழைக்கு மட்டும் கொடுத்தா மிச்சமாகுமில்ல?"

கேட்க நியாயமாக இருக்கும். 1997-ல் மத்திய அரசும் இதையேதான் சொல்லி, ஏழை, ஏழை அல்லாதவர் என்று இரண்டாகப் பிரித்தது. தமிழ்நாடு ஒப்புக்கொள்ளாமல் எல்லோருக்குமான கடையாகவே வைத்துக்கொண்டது. காரணம், ஏழை யார் என்று முடிவு செய்ய ஒரு அலுவலகம், ஒரு படிவம், ஒரு கையெழுத்து தேவைப்படும். அந்த இடத்தில்தான் உண்மையான ஏழை விழுவார். கார்க்காரர் பெரும்பாலும் அந்த அரிசியை வாங்கவே மாட்டார். அப்புறம், எல்லோரும் வருகிற கடை என்றால் எடை குறைந்தால் சண்டை போட ஆள் இருக்கும்.

பிரித்தால் என்ன ஆகும் என்பதை நான் கடையிலேயே பார்த்தேன். 2023 செப்டம்பர் 15-ல் உரிமைத் தொகை தொடங்கியபோது 1 கோடியே 6 லட்சம் பெண்களுக்குக் கிடைத்தது. நல்ல விஷயம். ஆனால் நிபந்தனைகள்: ஆண்டு வருமானம் 2.5 லட்சத்துக்குள், வீட்டு மின்சாரம் வருஷத்துக்கு 3,600 யூனிட்டுக்குள், இப்படி. ஒரு வீட்டில் அண்ணன் தம்பி மூன்று பேர், மூன்று அடுப்பு, மூன்று ரேஷன் கார்டு, மின் மீட்டர் மட்டும் தாத்தா பேரில் ஒன்று. யூனிட் தாண்டிவிட்டது, மூன்று மருமகள்களுக்கும் குறுஞ்செய்தியில் நிராகரிப்பு. மேல்முறையீட்டுக்கு நான்தான் எழுதிக் கொடுத்தேன். ஒரு அலுவலகத்துக்கு மூன்று முறை போனார்கள். மூன்றாவது முறை "மீட்டரைப் பிரிச்சிட்டு வாங்க" என்று சொல்லி அனுப்பினார்களாம். மீட்டர் பிரிக்கிற செலவுக்கு அந்த ஆயிரத்தை எத்தனை மாதம் சேர்ப்பது? பெரியவள் அதைக் கேட்டுவிட்டுச் சிரித்தாள். சின்னவள் படிவத்தை நான்காக மடித்துப் பர்ஸில் வைத்துக்கொண்டு போய்விட்டாள், திரும்ப வரவில்லை.

"விசைத்தறிக்கு கரண்ட் ஃப்ரீ. லாபம் முதலாளிக்குத்தானே, தொழிலாளிக்கு என்ன?"

2023 முதல் விசைத்தறிக்கு இரண்டு மாதத்துக்கு 1,000 யூனிட் கட்டணமில்லை, அதற்கு முன் 750. இதில் 'முதலாளி' யார் என்று பார்க்க வேண்டும். எங்கள் பக்கம் நான்கு தறி, ஆறு தறி வைத்திருக்கிறவர் முதலாளியும் இல்லை, தொழிலாளியும் இல்லை. பாவும் நூலும் வியாபாரி கொடுப்பார், இவர் கூலிக்கு நெய்து கொடுப்பார். கரண்ட் பில் குறைந்தது என்று தெரிந்ததும் வியாபாரி சேலைக்குக் கூலியை ஏற்றாமல் இழுத்தடிக்க முடியும். அப்போது அரசு கொடுத்த மானியம் தறிக்கூடத்தின் முன்வாசலில் நுழைந்து பின்வாசல் வழியாகக் கடைவீதிக்குப் போய்விடும்.

அதனால் மானியம் கொடுத்தால் மட்டும் போதாது, பேரம் பேசும் பலமும் வேண்டும் என்பது மைய இடது வாதம். இதற்கு முன்மாதிரி தேட வெளிநாடு போக வேண்டாம். ஜவ்வரிசிக்காரர்கள் 1981-ல் சேகோசர்வ் என்று கூட்டுறவுச் சங்கம் ஆரம்பித்து, மூட்டைகளைச் சங்கக் கிடங்கில் வைத்து டெண்டரில் விற்கத் தொடங்கினார்கள். எல்லாப் பிரச்சினையும் தீர்ந்துவிட்டதா என்றால் இல்லை. ஆனால் தனித்தனியாகப் போய் நின்று கெஞ்சுகிற நிலை மாறியது.

"உருக்காலை நஷ்டத்துல ஓடுதுன்னா வித்துட்டுப் போக வேண்டியதுதானே?"

நம் ஊரில் இதை உணர்ச்சி இல்லாமல் பேச முடியாது, முயற்சி செய்கிறேன். 1967-ல் அண்ணா முதல்வரானதும் சேது சமுத்திரத் திட்டத்தோடு சேர்த்து இதற்காகவும் 'எழுச்சி நாள்' கொண்டாடினார். 1970 செப்டம்பரில் இந்திரா காந்தி அடிக்கல் நாட்டினார். 1982-ல் உற்பத்தி தொடங்கியது. கஞ்சமலை இரும்பை எடுத்து உருக்குவார்கள் என்றுதான் ஊர் கனவு கண்டது. வந்ததோ வெளியே இருந்து எஃகு வாங்கி மெல்லிசாகத் தேய்க்கிற ஸ்டெயின்லெஸ் ஆலை. சொந்த உருக்குக் கூடம் சேர்ந்தது 2010-ல். சமையலறைப் பாத்திரம் மட்டுமல்ல, உங்கள் பையில் இருக்கிற நாணயங்களுக்கான தகட்டு வில்லைகளும் இங்கே செய்திருக்கிறார்கள். 2016-ல் மத்திய அமைச்சரவை விற்பதற்குக் கொள்கை அளவில் ஒப்புதல் கொடுத்தது. 2019 ஜூலையில் வாங்க விருப்பமுள்ளவர்களை அழைத்தது. தொழிலாளர்கள் குடும்பத்தோடு போராட்டத்தில் உட்கார்ந்தார்கள்.

எல்லாப் பொதுத்துறையையும் அரசே வைத்திருக்க வேண்டும் என்பது என் வாதம் இல்லை. அரசு ரொட்டி சுட வேண்டியதில்லை, ஓட்டல் நடத்த வேண்டியதில்லை. உருக்காலைக்கு மூன்று கேள்விகள் கேட்பேன். நஷ்டம் தொழிலாளியால் வந்ததா, முதலீட்டை இருபது வருஷம் தள்ளிப்போட்டதால் வந்ததா? ஊர்க்காரர்கள் ஆலைக்கென்று கொடுத்த நிலத்துக்கு விற்பனை விலையில் என்ன மதிப்பு போடுகிறார்கள்? வாங்குகிறவர் ஆலையை ஓட்டுவாரா, நிலத்தை மட்டும் பார்க்கிறாரா? மூன்றுக்கும் திருப்தியான பதில் வந்தால் பேசலாம். அப்போதும் இன்னொன்று உண்டு: அரசு ஆலையில் இட ஒதுக்கீடு இருக்கிறது, தனியாரானால் அது சட்டப்படி தொடர வேண்டியதில்லை. ஒரு தலைமுறை அதில் வேலைக்குப் போய்த்தான் இங்கே எத்தனையோ வீட்டில் முதல் பட்டதாரி வந்தார்.

"எட்டு வழிச்சாலையை எதிர்த்தீங்களே, அப்போ வளர்ச்சியே வேண்டாமா?"

2018-ல் வந்த சென்னை-சேலம் பசுமை வழிச்சாலைத் திட்டம், 277 கிலோமீட்டர், மதிப்பு சுமார் 10,000 கோடி. சாலை வேண்டாம் என்று யாரும் சொல்லவில்லை, ஏற்கெனவே இருக்கிற சாலைகளை அகலப்படுத்தலாமே என்றார்கள். 2019 ஏப்ரலில் உயர் நீதிமன்றம் நில எடுப்பு அறிவிப்புகளை ரத்து செய்தது. 2020 டிசம்பரில் உச்ச நீதிமன்றம் அறிவிப்பு செல்லும் என்றது, ஆனால் பட்டாவை முன்கூட்டியே மாற்றியது தப்பு என்றும் சொன்னது.

சிக்கலின் வேர் சட்டத்தில் இருக்கிறது. 2013 நிலம் எடுப்புச் சட்டம் முதலில் சமூகத் தாக்க மதிப்பீடு செய்யச் சொல்கிறது, அதாவது ஊரைக் கூட்டிக் கேட்கச் சொல்கிறது. நெடுஞ்சாலை போன்ற சிலவற்றுக்கு எடுக்கிற நிலத்துக்கு அந்த நடைமுறையிலிருந்து விலக்கு. இழப்பீடு புதிய சட்டப்படி, பேச்சுவார்த்தை பழைய சட்டப்படி. ராமலிங்கபுரம் பக்கம் தென்னந்தோப்பில் திடீரென்று கல் நட்டபோது அந்தக் குடும்பங்களுக்குக் கோபம் வந்தது பணத்தால் மட்டும் இல்லை. கேட்காமல் நட்டதுதான் காரணம்.

"ஏற்காடு மேல இருக்கவங்களுக்கு இதுல என்ன இருக்கு? அவங்களுக்குத்தான் தனித் தொகுதியே இருக்கே."

தொகுதி இருக்கிறது. தமிழ்நாட்டில் பழங்குடியினருக்கு ஒதுக்கிய இரண்டு சட்டமன்றத் தொகுதிகளில் ஏற்காடு ஒன்று, சேந்தமங்கலம் மற்றது. ஆனால் சேர்வராயன் மலையின் சொத்து யார் கைக்குப் போனது என்று பாருங்கள். காப்பித் தோட்டம் பெரும்பாலும் வெளியாருக்கு. பாக்சைட்டை வெட்டி மேட்டூர் அலுமினிய ஆலைக்கு இறக்கினார்கள். இப்போது ரிசார்ட். மலையாளி என்கிற மலைவாழ் பழங்குடி மக்களுக்குக் காப்பி பறிக்கிற வேலையும் மிளகு ஏறுகிற வேலையும்.

2006 வன உரிமைச் சட்டம் இதை ஓரளவு சரிசெய்ய வந்தது: பரம்பரையாக உழுத நிலத்துக்கும் காட்டுப் பொருளுக்கும் உரிமை. தமிழ்நாட்டில் நீதிமன்றத் தடையால் பட்டா கொடுப்பது 2016 வரை முடங்கிக் கிடந்தது. பத்து வருஷத்தில் ஒரு பிள்ளை பிறந்து நாலாம் வகுப்பு போய்விடும்.

"காப்பீட்டு அட்டை இருக்கே, அஞ்சு லட்சம் வரைக்கும். அப்புறம் எதுக்கு அரசு ஆஸ்பத்திரிக்குக் கொட்டணும்?"

அட்டை அறுவை சிகிச்சைக்கு உதவும். சர்க்கரை மாத்திரைக்கு உதவாது. வருஷம் முழுக்க மாத்திரை வாங்குகிறவர்தான் அதிகம், அவருக்குத் தேவை பக்கத்தில் இருக்கிற ஆரம்ப சுகாதார நிலையம். அங்கே மருந்து தீர்ந்துபோகாமல் இருப்பதற்கு 1994-ல் தொடங்கிய தமிழ்நாடு மருத்துவப் பணிகள் கழகம் ஒரு பெரிய காரணம். மொத்தமாக வாங்குவதால் மலிவு, எல்லா மாவட்டத்துக்கும் கிடங்கு. அரசு ஆஸ்பத்திரி நன்றாக நடக்கிற ஊரில் தனியார் ஆஸ்பத்திரியும் கட்டணத்தைச் சொல்ல யோசிக்கும். தார் சுற்றுகிற அக்கா கதையேதான்: போக இன்னொரு இடம் இருந்தால் பேரம் பேசலாம்.

"பணக்காரன் மேல வரி போட்டா அவன் துபாய் போயிடுவான் மேடம்."

கல்லூரித் தம்பி ஒருவர் கேட்டது. போகக்கூடியவர்கள் சிலர் போவார்கள், மறுக்கவில்லை. ஆனால் போட்டிருந்த வரியையும் நாம் எடுத்துவிட்டோமே தம்பி. வாரிசுச் சொத்து வரி 1985-ல் போனது. செல்வ வரி 2015 பட்ஜெட்டோடு போனது. கம்பெனிகளுக்கான வருமான வரியை 2019 செப்டம்பரில் 30-லிருந்து 22 சதவீதமாகக் குறைத்தார்கள், சலுகைகளை விட்டுக்கொடுக்கிற கம்பெனிக்கு. அந்த ஆறு வருஷமும் சோப்புக்கு 18 சதவீதம் அப்படியே இருந்தது.

நிலத்தைத் துபாய்க்குத் தூக்கிக்கொண்டு போக முடியாது என்பதையும் சொல்லிவைக்கிறேன்.

"பணக்காரன் ஏழைக்குக் கொடுக்கணும்னு சொல்றீங்க. அப்போ தமிழ்நாடு பீகாருக்குக் கொடுத்தா மட்டும் ஏன் கத்துறீங்க?"

என்னை ஒரு நாள் முழுக்க யோசிக்க வைத்த கேள்வி. கேட்டவர் ஓய்வுபெற்ற வங்கி ஊழியர். அவர் சொல்வது சரிதான். கொள்கை ஒன்றென்றால் அது மாநில எல்லையில் நிற்காது. பீகார் பிள்ளைக்கும் காலையில் உப்புமா கிடைக்க வேண்டும். கொண்டலாம்பட்டித் தறியில் அந்தப் பிள்ளையின் அப்பாதான் நிற்கிறார்.

ஆனால் கொடுப்பதற்கு ஒரு கணக்கு வேண்டாமா? மத்திய வரியில் எந்த மாநிலத்துக்கு எவ்வளவு என்று பிரிப்பது நிதிக்குழு. மாநிலங்களுக்கான தொகையில் 12-வது நிதிக்குழு தமிழ்நாட்டுக்கு ஒதுக்கிய பங்கு 5.305 சதவீதம். 15-வது குழுவில் 4.079. 2011 கணக்கெடுப்பில் நாட்டின் மக்கள்தொகையில் நாம் 6 சதவீதத்துக்குக் கொஞ்சம்தான் குறைவு. ஏழை மாநிலத்துக்குக் கூடுதல் என்பதை ஏற்கிறேன். எனக்கு உறுத்துவது, மேல்வரி, கூடுதல் வரி என்று பெயர் வைத்து வசூலிப்பதை மாநிலங்களோடு பங்கிட வேண்டியதில்லை என்கிற ஏற்பாடு. அதில் தமிழ்நாட்டுக்கும் பங்கு இல்லை, பீகாருக்கும் பங்கு இல்லை. ஏழைக்குப் போகிறது என்று சொல்லி வாங்குகிற பணம் ஏழைக்கும் போகாவிட்டால், அது ராபின்ஹூட் கணக்கில் வராது.

"எல்லாத்துலயும் அரசு, அரசுன்னா, அரசு ஆளுங்க ஒழுங்கா இருக்காங்களா?"

ராஜாஜி விஷயத்தில் கீழே வருகிறேன் என்று சொன்னது இங்கேதான். ஒரு கையெழுத்துக்கு அதிகாரம் கொடுத்தால் அந்தக் கையெழுத்துக்கு விலை வரும், இதை அவர் தரப்பு சரியாகப் பார்த்தது. மீட்டர் கதையில் மூன்று முறை அலைந்த மருமகள்களிடம் அரசு நல்லது என்று நான் எப்படிப் போய்ச் சொல்வது? என் தரப்பு இதைப் போதுமான அளவு பேசுவதில்லை. திட்டம் அறிவித்த நாள்தான் எங்களுக்குத் தெரிகிறது, நடக்கிற நாள் தெரிவதில்லை.

நான் வருகிற முடிவு வேறு. கையெழுத்து குறைவாகத் தேவைப்படுகிற திட்டத்தை ஆதரிப்பேன். பஸ்ஸில் ஏறினால் டிக்கெட் இலவசம், பள்ளிக்குப் போனால் சாப்பாடு, இவற்றுக்குப் படிவம் இல்லை. படிவம் இல்லாத இடத்தில் என் கடைக்கு வருமானம் இல்லை, அது வேறு விஷயம்.

"சரி, இதெல்லாம் தெரிஞ்சு நான் என்ன பண்றது?"

கிராமத்தில் இருந்தால் வருஷத்துக்கு ஆறு கிராமசபை: ஜனவரி 26, மார்ச் 22, மே 1, ஆகஸ்ட் 15, அக்டோபர் 2, நவம்பர் 1. வரவு செலவைப் படிக்கச் சொல்லிக் கேளுங்கள். படிக்காவிட்டால் தீர்மானத்தில் எழுதச் சொல்லுங்கள். மாநகராட்சிக்குள் இருப்பவர்கள் தங்கள் வார்டு கவுன்சிலரிடம் பகுதி சபை எப்போது என்று கேட்கலாம், 60 வார்டிலும்.

உங்கள் விண்ணப்பம் ஏன் நிராகரிக்கப்பட்டது என்று தெரிய வேண்டுமானால் 2005 தகவல் உரிமைச் சட்டத்தில் மனு போடுங்கள். கட்டணம் 10 ரூபாய், கோர்ட் ஃபீ ஸ்டாம்ப் ஒட்டினால் போதும், 30 நாளில் பதில் வர வேண்டும். ஒரு வெள்ளைத்தாள், ஒரு ஸ்பீட் போஸ்ட். தபால் ரசீதைத் தொலைத்துவிடாதீர்கள். சின்ன மருமகளும் வந்தால் அவளுக்கு ஒன்று எழுதிக் கொடுக்கத் தயாராக வைத்திருக்கிறேன், தேதி மட்டும் போட வேண்டும்.